பெரியதாழையில் நான் பார்த்த பறக்கும் தட்டு

நான் பறக்கும் தட்டைப் பார்த்திருக்கிறேன். யாரோ சொல்லிக் கேட்டதில்லை, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதில் ஒன்றில் அப்போதே புரை விழ ஆரம்பித்திருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், முழங்கால் வலியை மறந்து, ஈர மணலில் குதித்தபடி "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று கத்தினேன். அந்தக் கத்தல் என் போனில் பதிவாகி இருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காபிக்குப் பிறகு என் மகள் அதைப் போட்டுக் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அடுத்து நடந்ததை அவளுக்கு நான் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அவள் இதைப் படித்துவிடுவாளோ என்ற பயமில்லை. தமிழில்தானே எழுதுகிறேன்.

தொலைக்காட்சிக்கும் இணையத் தொடர்களுக்கும் கதை எழுத வந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். ஓய்வு பெற்றவன் என்பது அவர்களுடைய பெருந்தன்மை. உண்மையில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். காட்சியை எப்படிப் பிரிப்பது, விளம்பர இடைவேளைக்கு முன்னால் யாரைக் கிணற்றில் தள்ளுவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். வகுப்பில் சொல்லித் தராத ஒன்று என்னிடம் இருக்கிறது.

அப்போது நான் வேலை பார்த்த தொடரில் வாரம் ஒரு வேற்றுக்கிரகவாசி வருவார். ஒவ்வொரு பகுதியும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு தொடங்கும்: 'உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில்.' கட்டடத்தின் அடிப்படை தரைக்குக் கீழே இருப்பது, யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை என்கிற தைரியத்தில் நாங்கள் அந்த வரியைப் போட்டுவந்தோம். எங்கள் வேற்றுக்கிரகவாசிகள் சுத்தமான செந்தமிழ் பேசுவார்கள். பல ஒளியாண்டுகள் கடந்து வந்து, நம் நாட்டு ஆண்களில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, அவன் மாமியாருக்கு அறிவுரை சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். இதற்குத் தரவரிசையில் நல்ல இடம் கிடைத்தது.

எங்கள் அறைக்கு ஒரு தலைமை எழுத்தாளர் இருந்தார். பெயர் வேண்டாம். இன்னமும் தொழிலில் இருக்கிறார், நன்றாகவும் இருக்கிறார். தலைவர் என்று வைத்துக்கொள்வோம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதனால் அவரைத் திட்டும்போதெல்லாம் பாதி என் மேல் தெறிக்கும். அவர் வகுத்த விதி இரண்டு. ஒன்று, சாட்சி ஏழையாக இருக்க வேண்டும், அதிகம் படித்திருக்கக் கூடாது. "என்ஜினியர் பார்த்தா அது விமானம். மீன் பிடிக்கிறவர் பார்த்தாத்தான் மர்மம்" என்பார். இரண்டாவது விதி முக்கியமானது. அறையில் யாரும் "அது வேற என்னவா இருக்கும்?" என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்குக் கதைக்கொல்லி என்று பெயர் வைத்திருந்தார். ஒரு புதுப் பெண் இரண்டு முறை அதைக் கேட்டாள். மூன்றாவது முறை கேட்பதற்கு அவள் அறையில் இல்லை.

நான் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன்.

ஆதிச்சநல்லூர்த் தாழிகளை வைத்து ஒரு பகுதி எடுக்கலாம் என்று தலைவர் கிளம்பியபோதும் நான்தான் குறிப்பேட்டோடு பின்னால் போனேன். இறந்தவர்களை மண் பானைக்குள் உட்கார்த்திப் புதைத்த இடம். தலைவர் ஒரு தாழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குறுகலான வாய், உப்பிய வயிறு, கூம்பான அடி. "விண்கலத்தோட ஒத்தை ஆள் கூண்டு மாதிரியே இல்ல?" என்றார். "அப்படியே இருக்கு சார்" என்றேன். பக்கத்தில் நின்ற காவலாளியிடம், உள்ளே வினோதமான பொருள் ஏதும் கிடைத்ததா என்று கேட்டார். அவர் ரொம்பப் பொறுமையான மனுஷன். "எலும்பும் நெல் உமியும் கெடந்துச்சு சார். அவ்வளவு தூரம் போறவன் உமியைவா கட்டிக்கிட்டுப் போவான்?" என்றார். காரில் ஏறியதும் தலைவர், "உமி வேண்டாம்" என்றார். நான் குறிப்பேட்டில் உமியை அடித்தேன்.

இந்தப் பயிற்சியோடுதான் பெரியதாழைக்குப் போனேன்.

சூசை என்று ஒரு மீனவர். எங்கள் நிகழ்ச்சி முடிவில் ஓடும் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். கடலில் வலை விட்டுவிட்டுப் படகில் மல்லாந்து படுத்திருந்தாராம். "வானத்துல லைட்டு லைட்டா வரிசையா போச்சு சார், ஒண்ணு பின்னால ஒண்ணு, கெடைக்குப் போற ஆட்டு மந்தை கணக்கா. எண்ணினேன், முப்பதுக்கு மேல வந்துச்சு" என்றார். போனை வைத்துவிட்டு இணையத்தில் தேடினேன். அரை நிமிடம் ஆகவில்லை, விடை வந்துவிட்டது: கூட்டமாக ஏவுகிற செயற்கைக்கோள்கள் முதல் சில நாள் அப்படித்தான் வரிசையாகப் போகும். மடிக்கணினியை மெதுவாக மூடினேன். தலைவரிடம், "அருமையான சாட்சி சார். ஏழை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார் சூசை, அன்றைக்கு அவர்கள் கடலுக்குப் போவதில்லை. நான், தலைவர், ஒளிப்பதிவாளர் தினேஷ், மூன்று பேரும் தூத்துக்குடியில் ஒரு கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு வேனில் போய் இறங்கினோம். நான் தூத்துக்குடிக்காரன் என்பதால் மக்ரூன் தேர்வு என் பொறுப்பு. தொடர் முழுக்க நான் உருப்படியாகச் செய்த வேலை என்று அதைச் சொல்லலாம்.

சூசை வீட்டில் இல்லை. அவர் மனைவி செல்வராணி வாசலுக்கு வந்தார்.

"அவிய வெள்ளிக்கெழம தங்கலுக்குப் போனாவ சார். நேத்தே வந்திருக்கணும்."

ராத்திரியும் கடலிலேயே தங்கி மீன் பிடித்துவிட்டு வருவதற்குத் தங்கல் என்று பேர். சூசையோடு இன்னும் இரண்டு பேர் போயிருந்தார்கள்.

"போன் அடிச்சீங்களாம்மா?" என்றேன்.

"அடிக்கவே மாட்டேங்கு. காத்து சரியில்லன்னு மணப்பாட்டுல கரை பிடிச்சிருப்பாவ. இப்படித்தான் போன மாசமும் உவரியில எறங்கிட்டு, மறுநா பஸ்ல வந்தாவ, மீனு நாத்தத்தோட. கண்டக்டர் பாதியில எறக்கி விட்டுட்டான்." சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே கண் ஒருதடவை தெருமுனைக்குப் போய் வந்தது.

மக்ரூன் பெட்டியைக் கொடுத்தேன். அவர் அதை மாதா படத்துக்குக் கீழே பிரிக்காமல் வைத்தார்.

தலைவருக்கு எரிச்சல். "சொன்ன நாளைக்கு இருக்க வேண்டாமா? என்ன மனுஷன்யா" என்று தெருவில் நின்று கடிந்துகொண்டார். அப்புறம் குரலைத் தணித்து, "ஊர்ல வேற யாராவது ஏழை கிடைப்பாங்களா, பாரு" என்றார்.

ஊரில் ஏழையும் கிடைக்கவில்லை, பணக்காரரும் கிடைக்கவில்லை. அன்றைக்கு மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். சனம் மொத்தமும் கோயிலில். ஒலிபெருக்கியில் பிரார்த்தனை, இடையிடையே வெடிச்சத்தம். நாங்கள் கடற்கரையில் போய் நின்றோம். கரையை அலை அரிக்காமல் இருப்பதற்காகப் பாறாங்கற்களைக் கொட்டி, கடலுக்குள் கொக்கி மாதிரி ஒரு சுவர் நீட்டியிருப்பார்கள், தூண்டில் வளைவு என்பார்கள். அதற்குப் பக்கத்தில் நின்று, பொழுது சாய்ந்த கடலைத் தினேஷ் சும்மா படம் பிடித்துக்கொண்டிருந்தான். எந்தக் கதைக்காவது ஆகும் என்று.

"சார், அங்க பாருங்க."

தூரத்தில், கடலும் வானமும் சேரும் இடத்திலிருந்து ஒரு சிவப்பு வெளிச்சம் மேலே ஏறியது. ஏறி, ஒரு கணம் நின்றது. பிறகு அவசரமே இல்லாமல், ஆடி ஆடி இறங்க ஆரம்பித்தது.

போனை எடுத்து நீட்டிப் பதிவு செய்தபடியே நான் குதித்தது அப்போதுதான்.

தினேஷ் நிதானமான பையன். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சார், கோயில்ல விடுற வாணமா இருக்குமோ?" என்றான்.

"கோயில் நமக்குப் பின்னாடி இருக்கு தினேஷ்" என்றார் தலைவர். "பின்னாடி விட்ட வாணம் முன்னாடி கடலுக்குள்ள இருந்து எப்படிக் கிளம்பும்?"

இதைக் கேட்டு நான் சொக்கிப் போனேன். அப்பேர்ப்பட்ட அறிவியல் வாதம். கோயில் வாணம் இல்லை, ஆகவே வேற்றுக்கிரகம். இடையில் வேறு படியே கிடையாது.

இரண்டே நிமிடத்தில் இன்னொன்று ஏறியது. தினேஷ் பெரிய லென்ஸில் அதைத் திரை முழுக்க நிரப்பினான். நான் என் போனை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். தலைவர் எட்டிப் பார்த்து, "என்னய்யா பிரேம் இது? பாதிக்குப் பாதி கல்லு தெரியுது. கையும் தந்தி அடிக்குது" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தூத்துக்குடியில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் எழுத்தர். படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் நான் கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவன், சரி. ஆனால் இந்தத் தொடருக்கு முன்னால் இரண்டு குடும்பத் தொடர்களில் கப்பல் விபத்து எழுதியிருக்கிறேன். இரண்டிலும் என் கையாலேயே, 'கடலில் இருந்து சிவப்பு வெளிச்சம் ஒன்று எழுந்து மெல்ல இறங்குகிறது. கதாநாயகி அதைப் பார்த்து, அவருக்கு ஆபத்து என்று அலறுகிறாள்' என்று எழுதியிருக்கிறேன். கதாநாயகிக்கு அரை வினாடியில் புரிந்தது. எழுதியவனுக்குப் புரியவில்லை.

தலைவர் எங்களை வேனுக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார். "யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. வெளிய தெரிஞ்சா விடியறதுக்குள்ள நாலு சேனல்ல ஓடிடும். இது நம்ம பொருள்." சத்தியம் மாதிரி இருவரும் தலையாட்டினோம். ஏசியைப் போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இந்தப் பகுதிக்கு என்ன தலைப்பு வைப்பது என்று கால் மணி நேரம் சண்டை போட்டோம். 'முத்துக்குளிக்க வந்தவர்கள்' என்றேன் நான். கவித்துவம் தூக்கல் என்றார் தலைவர்.

இறங்கும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. கோயில் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. செல்வராணி தலையில் முக்காட்டோடு நேராகக் கடற்கரைக்கு வந்து, கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், ரொம்ப நேரமா இங்கனதான் நிக்கியளா?"

"ஆமாம்மா."

"கடல்ல வெளிச்சம் ஏதும் தெரிஞ்சுதா? செவப்பா?"

என் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும். அடடா, விஷயம் வெளியே போய்விட்டது என்று நினைத்தேன். இந்த அம்மாவும் பார்த்திருக்கிறார். அல்லது இன்னொரு சேனல்காரன் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். நிறத்தைக்கூடச் சரியாகச் சொல்கிறாரே! அவர் ஏன் கேட்கிறார் என்று கேட்க எனக்கு ஒரு வினாடி போதும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்குத்தான் ஏழு வருடம் பயிற்சி எடுத்திருந்தேன். தலைவர் அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"இல்லையேம்மா. நாங்க சாயங்காலத்துல இருந்து இங்கதான் நிக்கோம். ஒண்ணுமே தெரியல்ல" என்றேன். அழகாகச் சொன்னேன். ஊர்ப் பேச்சுகூடத் தன்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் முகம் தெளிந்தது. "அப்பஞ் சரி" என்றார். "அப்பம் மணப்பாட்டுலதான் இருப்பாவ. மக்ரூனை அவிய வந்ததும் பிரிக்கேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் முகம் ஏன் தெளிந்தது என்றும் நான் யோசிக்கவில்லை.

விடுதிக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தூங்கினேன். விடிந்ததும் தலைவர் என்னை மட்டும் பெரியதாழைக்கு அனுப்பினார். படத்தைக் காட்டாமல், இந்த மாதிரி வெளிச்சம் முன்பு பார்த்திருக்கிறார்களா என்று நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்துத் துணைச் சாட்சி சேகரிக்க வேண்டும். டீக்கடையில் ராயப்பன் என்றொரு மூத்த மீனவர் உட்கார்ந்திருந்தார். கடை அண்ணாச்சி அவரிடம் என்னை, "டிவில கதை எழுதுதாவ. வானத்துல இருந்து ஆளு வருமே, அந்தக் கதை" என்று அறிமுகம் செய்தார்.

ராயப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த நாடகமா? ஏன் வேய், வாரவன் எல்லாம் ஏன் மொட்டைத் தலையா வாரான்? அங்க பூராவும் வேண்டுதலா?"

கடையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ரகசியத்தை உடைத்தது என் மனசாட்சி என்று எழுத ஆசைதான். உடைத்தது ரோஷம். "கதைன்னா நினைக்கிறீங்க? இதைப் பாருங்க" என்று போனை நீட்டினேன்.

ராயப்பன் பார்த்தார். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று என் குரல் டீக்கடை முழுக்கக் கேட்டது. சிரிப்பு இன்னும் கூடியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது எப்பம் எடுத்தது?"

"நேத்து சாயங்காலம்."

"எங்க வச்சு?"

"இங்கதான், தூண்டில் வளைவு பக்கத்துல."

அவர் டீயை வைத்துவிட்டு எழுந்தார். "ஏலே, இது பாராசூட்டு வெடிலே! சூசை டப்பாவுல போட்டு வச்சிருந்தாம்லா, மீன்துறை கூட்டத்துல குடுத்தது, ஆபத்துன்னா விடுததுக்கு?" என்று கடையைப் பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "நேத்து சாயங்காலம் இதப் பாத்துட்டு, இன்னைக்குக் காலையில வந்து டீ குடிக்கீரு."

நான் என் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு அங்கே யாரும் என்னை மனுஷனாக நடத்தவில்லை, நடத்த நேரமும் இல்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். யாரோ கடலோரக் காவலுக்குத் தகவல் சொன்னார்கள், யாரோ கோயில் மணியை அடித்தார்கள். ராயப்பன் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "கல்லு தெரியுது பாரு. வளைவு நுனிக்கு இடப்பக்கம் நாலு விரக்கடை. வேய், எங்கன நின்னு எடுத்தீரு? அங்கன போயி நில்லும்."

போய் நின்றேன்.

"அசையாதயும்."

அளவு பார்க்க நட்ட கம்பு மாதிரி நின்றேன். என் தோளுக்கு மேல் கையை நீட்டிக் கல்லையும் கடலையும் அவர் சேர்த்துப் பார்த்தார். தினேஷின் அருமையான படத்தில் திரை முழுக்கச் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான், கல்லும் இல்லை, கரையும் இல்லை. அதை வைத்துத் திசை கண்டுபிடிக்க முடியாது. தலைவர் கேலி செய்த என் ஓட்டை பிரேமில்தான் வளைவு நுனி விழுந்திருந்தது. இதை நீங்கள் தொழில் பாடமாக எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

"ராத்திரி பூரா கச்சான், மேக்காத்து. வெளிய தள்ளியிருக்கும்" என்றார் ஒருவர். "நீரோட்டம் தெக்க" என்றார் இன்னொருவர். இரண்டையும் சேர்த்து ராயப்பன் மணலில் ஒரு கோடு போட்டார். நான்கு படகுகளைத் தள்ளினார்கள்.

அப்போது என் போன், ராயப்பன் கையில், அடித்தது. தலைவர். தினேஷிடம் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பதற்றத்தில் ராயப்பன் எதையோ அமுக்க, தலைவரின் குரல் கடற்கரைக்கே கேட்டது: "ஒரு அரை மணி நேரம் எல்லாரையும் பிடிச்சு நிறுத்துய்யா! நாங்க வந்துடறோம். முதல் படகுல கேமரா ஏறணும். மீட்புக் காட்சி கிடைச்சா அதுவே தனிப் பகுதி!"

"எவம்ல அது?" என்றார் ராயப்பன் போனைப் பார்த்து. "போன வையும்வே. வழி பாத்துக்கிட்டிருக்கோம்."

நான் தலைவரை எதிர்த்து நின்றேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நல்லது. போன் என் கையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி சார்" என்பது பழகிய வாய். நல்லவேளை, போன் படகேறிப் போய்விட்டது.

கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். செல்வராணி மணலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். உட்காரத் தைரியம் வரவில்லை.

"அம்மா, நேத்து நான் உங்ககிட்ட…"

அவர் நிமிரவில்லை. "வெடி விட்டா ஆபத்து, விடலன்னா நல்லா இருக்காவன்னு அவிய சொல்லியிருந்தாவ" என்றார். "நீங்க ஒண்ணும் தெரியல்லன்னு சொன்னிய. நான் போயி நிம்மதியா தூங்கிட்டேன் சார்." பிறகு இன்னும் மெதுவாக, "தூங்கிட்டேனே" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விமர்சனம் எனக்குப் பழக்கம். அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார், என் பொய்க்காக. இன்றும் சில நாள் பேருந்தில் போகும்போது, சம்பந்தமே இல்லாமல், அந்தத் 'தூங்கிட்டேனே' காதில் விழும்.

உச்சி வெயிலில் படகுகள் திரும்பின. ராயப்பன் போட்ட கோட்டுக்குக் கொஞ்சம் தெற்கே, என்ஜின் பழுதாகி மிதந்துகொண்டிருந்த படகைக் கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். குடிதண்ணீர் சனிக்கிழமையே தீர்ந்திருந்தது. அவர்களில் இளையவனுக்கு நினைவு இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து எழுந்தான். இன்னொரு ராத்திரி தாங்கியிருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஒரு ராத்திரியைத்தான் நான் செலவழித்திருந்தேன்.

அன்றே வேலையை விட்டேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. இன்னும் ஒன்றரை வருடம் அதே அறையில் இருந்தேன். தினேஷ் எடுத்த சிவப்பு வெளிச்சம் ஒளிபரப்பானது. பின்னணியில் பெண் குரலில் ஓர் ஆலாபனை, முன்னால் அதே வெள்ளை எழுத்து, உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில். தொடர் வரலாற்றில் அந்த வரி முதன்முறையாக உண்மையாக இருந்தது அந்தப் பகுதியில்தான். அடிப்படையில் மூன்று பேர் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். நிறையப் பேர் பாராட்டிச் செய்தி அனுப்பினார்கள்.

ஒரு மாற்றம் மட்டும் வந்தது. அறையில் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நான், "அது வேற என்னவா இருக்கும்?" என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் முறைத்தார்கள். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் ஓய்வு பெற்ற வரலாறு இதுதான்.

உங்களை யாரும் பறக்கும் தட்டு எழுதாதே என்று சொல்லவில்லை. தாராளமாக எழுதுங்கள், மொட்டைத் தலைக்குக் கொஞ்சம் முடி வையுங்கள். நிஜத்தில் ஒருவர் பார்த்ததைக் கதைக்கு எடுக்கப் போகும்போது மட்டும், எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், அங்கே நிற்கிறவரிடம் இது என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கதை செத்துப்போகலாம். வேறொன்று எழுதிக்கொள்ளலாம். எனக்கு டீக்கடையில் பதில் கிடைக்க மூன்று நொடி ஆனது, அதைக் கேட்டுப் போவதற்கு ஒரு ராத்திரி ஆனது.

ஆறு மாதம் கழித்துச் சூசையைப் பார்க்கப் போனேன், இரண்டு கிலோ மக்ரூனோடு. மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் ஒரு வசனம் தயார் செய்திருந்தேன். வசனம் எழுதுகிறவன் அல்லவா? பாதியிலேயே அவர், "அதெல்லாம் கெடக்கட்டும் சார். நான் விட்டதப் படம் எடுத்தியளாமே, காட்டுங்க" என்றார்.

காட்டினேன். செல்வராணியும் எட்டிப் பார்த்தார். முதல் வெளிச்சம் மேலே நின்றது, நான் கத்தினேன், இறங்கியது. இரண்டாவது ஏறியது, இறங்கியது. படம் முடிந்தது. சூசை போனை என்னிடம் திருப்பித் தரவில்லை. விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்.

"ரெண்டுதான் இருக்கு. நான் மூணுல்லா விட்டேன்?"

மூன்றாவது ஏறியபோது நாங்கள் வேனுக்குள், கடலுக்கு முதுகைக் காட்டி, தலைப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன்.

"அடப் பாவமே" என்று சூசை எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். "அதுதான் சார் நல்லா எரிஞ்சுது."